சந்தனம் வைத்த ஸ்பிரிங்

ரூபன் என்ற பெயரை வசுமதி முதன்முதலாகக் கேட்டது ஒலிபெருக்கியில்தான். கோவிட் ஓய்ந்து, எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் மறுபடி திருவிழா நடந்த வருஷம் அது. பந்தியில் இலை போட்டாயிற்று, சோறும் விழுந்தாயிற்று. எல்லாரும் சாம்பாருக்காகச் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சாம்பார் வந்தபாடில்லை. அப்போது மைக்கில் கோயில் தலைவர் ரெங்கசாமியின் குரல் கேட்டது.

"கதவு ரூபன், கதவு ரூபன், எங்கிருந்தாலும் உடனே மடப்பள்ளிக்கு வரவும். சாம்பார் உள்ளே மாட்டிக்கொண்டது."

வசுமதிக்குச் சிரிப்பு பீறிட்டு, வாயில் வைத்த அப்பளம் புரையேறிவிட்டது. பக்கத்து இலையில் இருந்த அவள் அத்தை வடிவம்மாள் உச்சந்தலையில் ரெண்டு தட்டு தட்டினாள்.

"யாரோ ஒன்ன நெனைக்கிறாங்கடி."

"என்ன யாரு நெனைக்கப் போறா? பூ வாங்கிட்டுப் பாக்கி வெச்சவன்கூட நெனைக்க மாட்டான்லா."

அத்தை சொன்னது பலிக்க ஒரு வருஷம் ஆயிற்று.

வசுமதி யார் என்று சொல்ல வேண்டும். எஸ்டேட் மேல் டிவிஷன் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்து, தேயிலைக் கொழுந்து எடுத்த மணியம்மாவின் ஒரே மகள். மணியம்மா யார், கோயில் தலைவர் ரெங்கசாமியின் உடன்பிறந்த தங்கை. ஆக, மைக்கில் கத்தினவர் வசுமதிக்குத் தாய்மாமன். அப்பா வழியில் மிஞ்சினது அத்தை வடிவம்மாள் ஒருத்திதான். புருஷன் போன பிறகு அண்ணன் மகளோடு வந்து ஒட்டிக்கொண்டவள். வசுமதி கல்யாணம் கட்டவில்லை. கேட்டால், "செவந்திக்குத் தண்ணி ஊத்தவே நேரம் பத்தல, புருஷனுக்கு வேற ஊத்தணுமா?" என்பாள். மலைமேல் ரிங்லெட் டவுனில் அவளுக்குப் பூ ஸ்டோர் உண்டு, ஒரு லோரி உண்டு. நாற்பதைத் தாண்டியும் நடையில் ஒரு துள்ளல் உண்டு. ஊரில் அவளைப் பூ தௌக்கே, அதாவது பூ முதலாளி, என்பார்கள். அவளுக்கும் அது பிடிக்கும்.

அந்த ஸ்டோர் கதவு ஊருக்கே ஒரு வேடிக்கை. மற்றவர்கள் கடையெல்லாம் சுருட்டுக் கதவு. இவள் ஒரு தடவை ஆஸ்திரேலியாவில் சிநேகிதி வீட்டுக்குப் போய், அங்கே கார் ஷெட்டில் பட்டனை அமுக்கினதும் கதவு பாளம் பாளமாக மடங்கி மேலே போய்க் கூரைக்கடியில் படுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டாள். வந்ததும் அதே மாதிரி ஒன்றை, லோரி நுழையும் அகலத்தில், போட்டுவிட்டாள். வைத்த புதிதில் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அத்தைக்குத்தான் ரொம்பப் பெருமை. ஆயுத பூஜை வந்தால் முதல் மரியாதை கதவுக்குத்தான். ஏணி போட்டு ஏறி, மேலே இரும்புத் தண்டில் கிடக்கும் ரெண்டு நீள ஸ்பிரிங்குக்கும் சந்தனத்தைக் குழைத்து வரிசையாகப் பொட்டு வைப்பாள். அதன்மேல் குங்குமம். அதற்கும் மேல் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு செவந்திச் சரம். சரம் தானாகக் காய்ந்து விழும்வரை யாரும் தொடக் கூடாது. மலையில் எது எப்போது காய்ந்தது?

பொங்கல் கழிந்து கதவு முனக ஆரம்பித்தது. ஏறும்போது "ம்ம்ம்" என்று ஒரு முனகல், இறங்கும்போது தொப்பென்று ஓர் அடி. வசுமதி மாமனிடம் சொன்னாள். மாமன், "சாம்பாரைக் காப்பாத்துனானே, அவன அனுப்பறேன்" என்றார்.

ரூபன் வந்து இறங்கினான். நல்ல உயரம், முன்வாயில் ஒரு தங்கப் பல், கையில் பை. மேல் டிவிஷன் ருக்குமணியின் மகன். தேயிலை ஃபேக்டரியில் கொஞ்ச நாள், ஈப்போவில் கதவுக் கடையில் நெடுநாள். அம்மாவுக்கு முட்டி வலி முற்றினதும் மலைக்குத் திரும்பியிருந்தான். தன் தாய்மாமன் மகளைத்தான் கட்டுவேன் என்று காத்திருந்து, அவள் கிள்ளானில் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு போக, இவன் அப்படியே நின்றுவிட்டவன். வாய் மட்டும் நிற்காது.

"பசியாறிட்டீங்களா தௌக்கே?"

"மொதல்ல கதவப் பாருங்க."

மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கினான். தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவைப் பிரித்துவிட்டான். பிறகு கையாலேயே கதவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினான். தூக்கும்போதே முகம் சிவந்தது. மெதுவாகக் கையை எடுத்தான், காலையும் தள்ளி வைத்துக்கொண்டான். கதவு வழுக்கிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா. நல்ல ஸ்பிரிங்குன்னா விட்ட எடத்துல நிக்கணும். மோட்டாரு சும்மா வழி காட்டுறவன். பாரத்தத் தூக்கறது மேல இருக்கற ரெண்டு பேருதான். ரெண்டு பேருக்கும் வயசாயிருச்சு."

ஏணியில் ஏறி விளக்கடித்துப் பார்த்தான். வளையம் வளையமாக விரலால் தடவிக்கொண்டே போனான்.

"தௌக்கே, இந்தத் துரு ஏன் வட்ட வட்டமா, பொட்டு வெச்ச மாதிரி வரிசையா இருக்கு?"

கீழே அத்தை நிமிர்ந்தாள். "நான்தான் வெச்சேன். வருஷா வருஷம் வெக்கறேன்."

"ஈரச் சந்தனமா?"

"காஞ்ச சந்தனத்த எவன் வெப்பான்?"

"அத்தே, பொட்டு வெச்ச எடமெல்லாம் அரிச்சிருக்கு. எடது பக்கத்துல ஒரு பொட்டு எடத்துல கம்பி பாதியா எளச்சிருச்சு. சாமிக்கு வைங்க, கதவுப் பலகைக்கு வைங்க, வேணும்னா எனக்குக்கூட வைங்க. ஸ்பிரிங்குக்கு மட்டும் வேணாம்லா."

"சாமி பொட்டு இரும்ப ஒடைக்குமாடா? எந்த ஊரு நியாயம்?" என்று அத்தை எகிறினாள். அவளை விட்டுவிட்டு ரூபன் வசுமதியிடம் திரும்பினான்.

"ரெண்டையும் சேத்து மாத்திரணும். ஒண்ணு மட்டும் மாத்துனா புதுசு இழுக்கும், பழசு தொங்கும், கதவு கோணும். இப்ப மாத்தலன்னா ஒரு நாளு பட்டுன்னு போயிரும்."

இங்கேதான் வசுமதி சறுக்கினாள். "இப்ப எடுக்கலன்னா சாயங்காலம் வாடிரும்" என்று சொல்லித்தான் அவளே பூ விற்கிறாள். தான் விற்கிற மாதிரியே இன்னொருத்தன் விற்றால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"பேச்சு நல்லாருக்கு மிஸ்டர் ரூபன். போறப்ப பாத்துக்கலாம்."

ரூபன் கோபப்படவில்லை. அளவுகோலை எடுத்து ஸ்பிரிங்கின் நீளம், கம்பியின் கனம், வளையத்தின் அகலம் எல்லாம் அளந்துகொண்டான். "எதுக்கு அளக்கறீங்க, நான்தான் வேணாம்னுட்டேனே?" என்றாள். "கையி சும்மா இருக்காது தௌக்கே" என்று தங்கப் பல்லைக் காட்டிவிட்டுப் போனான்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் வசுமதி ஒரு சண்டை போட்டாள். வழக்கமாக அம்மன் ஊர்வலத்துக்குப் பூரதம் ஈப்போவிலிருந்து வாடகைக்கு வரும்.

"பூ பூக்கறது இந்த மலையில. அத ஈப்போவுக்கு அனுப்பி, அங்க ரதத்துல குத்தி, மறுபடி மலைக்குக் கொண்டாரணுமா? எந்தக் கூத்து இது? என் லோரியத் தரேன். நானே கட்டறேன்."

சிலர் சிரித்தார்கள். பொம்பளை கட்டுற ரதம் வளைவில் சாயும் என்றார்கள். ரெங்கசாமி மாமன் கடைசியில், "சரி, கட்டு. ஆனா ஈப்போக்காரன வேணாம்னு சொல்லிட்டா அப்பறம் வேற வழி கெடையாது, தெரியுமில்ல?" என்றார். அவருக்குப் பயம் வேறு. வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் அம்மன் லயத்துக்குள் வருவாள். கோயில்வரை நடக்க முடியாத கிழங்கட்டைகள் எல்லாம் வாசலில் நாற்காலி போட்டுத் தட்டோடு காத்திருக்கும். ரதம் வரவில்லையென்றால் அத்தனை முகத்தையும் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

வசுமதி கட்டினாள் பாருங்கள். லோரிக்கு மேல் மூங்கில் கூண்டு, கூண்டுக்கு மேல் கோபுரம், மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாகச் செவந்தி. மழை பிடிக்காமல் ஸ்டோருக்குள்ளேயே வைத்துக் கட்டியது. திருவிழாக் காலையில், எல்லாம் முடிந்து, கோப்பி குடித்துக்கொண்டு அவள் அண்ணாந்து பார்த்து நிற்கையில் தலைக்கு மேல் டமார் என்றது.

வெளியே யாரோ, "அதுக்குள்ள வெடியா?" என்றார்கள். அத்தை கையில் இருந்த கோப்பி அவள் சேலையில் இருந்தது. வசுமதி மேலே பார்த்தாள். இடது பக்க ஸ்பிரிங் ரெண்டு துண்டாகி, நடுவில் ஒரு கை நுழையும் சந்து தெரிந்தது. சரியாகப் பொட்டு வைத்த இடம்.

பட்டனை அமுக்கினாள். மோட்டார் உறுமிற்று, கதவு ஒரு பக்கம் மட்டும் உதட்டைத் தூக்கின மாதிரி தூக்கிவிட்டு மறுபடி விழுந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். அத்தை பட்டன் பெட்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றினாள். மறுபடி அமுக்கினாள். மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்ததும் நிறுத்திவிட்டாள். பக்கத்தில் இருக்கிற சின்னக் கதவில் ஆள் போகலாம், ரதம் போகாது.

செய்தி பரவி மாமனும் ஆட்களும் வந்தார்கள். மாமன் மகன் தர்மா, உடம்பில் பலமும் வாயில் அதைவிட அதிகமும் உள்ளவன், "எல்லாரும் புடிங்கப்பா, தூக்கிரலாம்" என்றான். வசுமதி உள்ளே சிவப்புக் கயிற்றை இழுத்துவிட, வெளியிலிருந்து பிடித்துத் தூக்கினார்கள். முழங்கால்வரை வந்தது. யாருக்கோ கை வழுக்கிற்று. எல்லாரும் துள்ளிக் குதித்து விலகினார்கள். கதவு இறங்கின வேகத்தில் மாமனின் புதுச் செருப்பு ஒன்று அடியில் மாட்டிக்கொண்டது. கால் தப்பினது அம்மன் புண்ணியம்.

வசுமதி போனை எடுத்தாள். மாட்டேன் என்று சொன்ன வாயால் கூப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று கூப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"ரூபன், ஸ்பிரிங்கு..."

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"எடது பக்கம்தானே. சரி, அங்க யாரு கையிலயாச்சும் ஸ்பேனர் இருக்கா?"

வசுமதி திரும்பினாள். உள்ளே வந்து, கதவின் அடி மூலையில் கேபிள் பிடித்திருக்கும் சிவப்பு போல்ட்டின் முன்னால் தர்மா குந்தியிருந்தான்.

"தர்மா கையில இருக்கு."

"அதப் புடுங்கி லோரிக்கு அடியில எறிங்க. ஒரு ஸ்பிரிங்கு ஒடஞ்சாலும் இன்னொண்ணு முறுக்கோட நிக்கிது. அந்தக் கேபிள் மேல அவ்வளவு இழுப்பு இருக்கு. போல்ட்டக் கழட்டுனான்னா மூஞ்சி இருக்காது. நான் வரேன்."

ஸ்பேனர் லோரிக்கு அடியில் போயிற்று. தர்மா எழுந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான்.

ரூபன் வேனில் கிளம்பினானே தவிர வந்து சேரவில்லை. லீவு நாள், ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கூட்டம், ரோடு நெடுகக் காடிகள், ஒன்றின் வாலில் ஒன்றாக நகராமல் நிற்கின்றன. ரிங்லெட்டுக்கு மேலேயே வேனை ஓரம்கட்டிவிட்டு, புது ஸ்பிரிங் ரெண்டையும் இரும்புக் கம்பியில் கோர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கி ஓடிவந்தான். திருவிழா நாள். மஞ்சள் வேட்டி. தோளில் ரெண்டு பக்கமும் பளபளவென்று ஏதோ ஆடுகிறது. பார்த்தவர்கள் இது ஏதோ புதுவிதக் காவடி என்று வழி விட்டார்கள். அரோகரா போட்டவர்களும் உண்டு. ஒரு கிழவி குடத்து மஞ்சள் தண்ணீரை அவன் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டாளாம். "பாட்டி, இது கராஜ் கதவுக்கு" என்று சொல்லியும் அவள், "எங்க வேண்டுனா என்னப்பா, நல்லபடியா செலுத்து" என்று திருநீறு பூசி அனுப்பினாள்.

நனைந்த காலும் பூசின நெற்றியுமாக அவன் சின்னக் கதவில் நுழைந்தபோது ஸ்டோரில் இருந்த கவலை பாதி சிரிப்பாகிவிட்டது. வசுமதி மட்டும் ஸ்பிரிங்கைப் பார்த்தாள்.

"இது இதே அளவா?"

"அன்னிக்கு அளந்ததுதான். மறுநாளே ஈப்போவுல சொல்லி வாங்கிட்டேன். அப்பலேருந்து வேன்லதான் கெடக்கு."

"நான்தான் வேணாம்னேனே."

"நீங்க சொன்னீங்க, கதவு சொல்லலியே."

வசுமதி புது ஸ்பிரிங்கில் படிந்திருந்த ரோட்டுத் தூசியைச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தாள்.

ரூபன் வேலையை ஆரம்பித்தான். முதலில் ஆட்களை விட்டு லோரியைப் பின்னால் தள்ளச் சொன்னான். தர்மாவுக்குத் தள்ள ஒன்று கிடைத்ததில் சந்தோஷம். பிறகு அத்தையிடம் கோலமாவு கேட்டான். கதவுக்கு உள்பக்கம், சிமெந்துத் தரையில், சுவரிலிருந்து சுவருக்கு நேராக ஒரு கோடு இழுத்தான்.

"கதவுக்கும் கோட்டுக்கும் நடுவுல நான் ஒருத்தன்தான். தௌக்கே, எனக்கு ஒரு ஒதவி வேணும்."

"என்ன புடிக்கணும்?"

"ஒண்ணும் புடிக்க வேணாம். ஒங்க வாயி வேணும். யாரும் கோட்டத் தாண்டக் கூடாது."

மோட்டார் பிளக்கைப் பிடுங்கினான். கண்ணாடி மாட்டிக்கொண்டான். கதவு ஏறி இறங்கும் தண்டவாளத்தில், அதன் உருளைக்கு மேலே, இறுக்கும் குறடு ஒன்றைப் பூட்டினான். கதவு திடீரென்று மேலே பாயாமல் இருக்க அது. ஏணியை நேர் எதிரே போடாமல் பக்கவாட்டில் போட்டான். நல்லா இருந்த வலது ஸ்பிரிங்கின் முனையில் இருக்கிற ஓட்டையில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பிடித்துக்கொண்டு, திருகாணியைத் தளர்த்தினான். கம்பி அவன் கையை ஓர் உலுக்கு உலுக்கிற்று.

"ணே, அதுக்கு எதுக்குத் தனிக் கம்பி? ஸ்குரூடிரைவர் இருக்கு, தரட்டா?" என்று தர்மா கோட்டில் கால் வைத்தான்.

"டேய், கால எடு. அவரு பல்லப் பாத்தியா?" என்றாள் வசுமதி. ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

ஏணியிலிருந்து ரூபன் சிரித்தான். "எப்படிக் கண்டுபுடிச்சீங்க? ஈப்போவுல மொத மாசம், ஸ்குரூடிரைவர விட்டுத் திருப்புனேன். அது நழுவி வந்து எடுத்த பல்லுதான் இது. தங்கமா மொளச்சிருக்கு."

ஒரு கம்பியைக் கீழே இறக்கி, மறு கம்பியை அடுத்த ஓட்டையில் செருகி, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கை அவிழ்த்தான். ஒரு கம்பி நன்றாக உட்காராமல் மறு கம்பியை எடுக்கவே மாட்டான். முறுக்கு முழுதும் போனதும் பழசு ரெண்டையும் கழற்றினான். புதுசை மாட்டினான். வலது பக்கத்தது ஒரு திசையில் சுருண்டது, இடது பக்கத்தது எதிர்த் திசையில். மாறிப் போனால் கதவு ஏறாது. கேபிளைச் சக்கரத்தில் இறுக்கமாகப் படிய வைத்தான். மறுபடி கம்பியைச் செருகி ஏற்ற ஆரம்பித்தான், வாய்க்குள் எண்ணிக்கொண்டே. எண்ணும்போது யாராவது பேசினால் வசுமதி திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். மாமன் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு நின்றார்.

அத்தைக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. வெறும் கோடு கண்ணை உறுத்திற்று. குந்தி உட்கார்ந்து, கோட்டைத் தாண்டாமல், இந்தப் பக்கமே புள்ளி வைத்தாள், சுழி போட்டாள், ஒரு தாமரையும் விட்டாள். ரூபன் திருகாணியை இறுக்கி, துளி எண்ணெய் விட்டு, குறட்டைக் கழற்றி இறங்கினபோது காவல் கோடு கல்யாணக் கோலமாகியிருந்தது.

"யாரு வந்து தூக்கிப் பாக்கறீங்க?"

தர்மா கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தான். ரூபன், "அத்தே வாங்க" என்றான்.

வடிவம்மாள் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்கினாள். கதவு பஞ்சு மாதிரி எழும்பிற்று. இடுப்பு உயரத்தில் விட்டாள். விட்ட இடத்தில் நின்றது. கீழே இறக்கினாள். மறுபடி தூக்கினாள். இறக்கினாள். "அடியே, அத்தன ஆம்பளைங்க தூக்க முடியாதது" என்று சொல்லிச் சொல்லித் தூக்கினாள். வெளியே மேளம் வந்து நிற்கிறது, ரதம் உள்ளே நிற்கிறது, இவள் விடுவதாயில்லை. மாமன் தன் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு, "வடிவு, அம்மனுக்கு நேரமாவுது" என்று கெஞ்சின பிறகுதான் விட்டாள்.

ரதம் வெளியே வந்தது. பொழுது சாய அம்மன் அதில் ஏறினாள். லயம் லயமாகப் போனது. எந்த வளைவிலும் சாயவில்லை. ருக்குமணி முட்டி வலியோடு வாசலில் தட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். லோரி ஓட்டியது வசுமதி. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு மேல் டிவிஷன் முனைவரை கேட்டது.

அடுத்த வாரம் ரூபன் கதவைப் பார்க்க வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். மூன்றாம் தடவை வசுமதி கேட்டாள்.

"நல்ல ஸ்பிரிங்குக்கு இத்தன செக்கிங்கா?"

"புதுசுலா. பழகணும்."

"கதவு பழகிருச்சு."

"நான் இன்னும் பழகல தௌக்கே."

அந்த வருஷ ஆயுத பூஜையில் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு ஏணியில் கால் வைத்தாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் "அத்தே" என்று கத்தினார்கள். அவள் இறங்கினாள். கிண்ணத்தைப் பார்த்தாள், ஸ்பிரிங்கைப் பார்த்தாள், ரூபனைப் பார்த்தாள்.

"எனக்கு வைங்கன்னு அன்னிக்கு நீதான சொன்ன" என்று அவன் நெற்றியில் அப்பினாள். பிறகு அதே விரலால் வசுமதிக்கும் வைத்தாள். "தையில முகூர்த்தம் இருக்கு. ரெங்கசாமிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

வசுமதி தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்று சொல்லிப் பார்த்தாள். "நான் துருப் புடிக்காத ஆளு, தண்ணி ஊத்த வேணாம்" என்றான் ரூபன்.

தையில் கோயிலிலேயே தாலி கட்டினார்கள். தர்மாதான் மாப்பிள்ளைத் தோழன். அன்றைக்கும் அவன் கையில் ஸ்பேனர் இல்லை என்று மாமன் பார்த்துக்கொண்டார்.

ரூபன் இப்போது ரிங்லெட்டில், பூ ஸ்டோருக்கு மேல்மாடியில், வசுமதியோடும் அம்மா ருக்குமணியோடும் வடிவம்மாளோடும் இருக்கிறான்.